அறிமுகம் செய்பவர் யார்? – மதராசி கேம்ப்பும் கடன் அட்டையின் முன்கதையும்

தில்லி ஜங்புராவை ஒட்டிப் பாராபுல்லா நாலாவின் கரையில் இருந்த மதராசி கேம்ப்பை ஜூன் 1 முதல் அகற்றலாம் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2025 மே 9 அன்று ஆணையிட்டது. அந்த ஆணையில் பலரும் கவனிக்காமல் கடந்துசென்ற ஒரு பகுதி உண்டு. நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டவர்களுக்கு உடைமைக் கடிதம் வழங்கவும், அவர்களுக்கான வங்கிக் கடனுக்கு ஒப்புதல் அளிக்கவும் குடியிருப்பிலேயே முகாம்கள் நடத்தவேண்டும் என்பது அது. 2015ஆம் ஆண்டின் தில்லி மறுகுடியமர்வுக் கொள்கைப்படி, வீடு பெறும் குடும்பம் தன் பங்காக 1,12,000 ரூபாயும், ஐந்தாண்டுப் பராமரிப்புக்கென 30,000 ரூபாயும் செலுத்தவேண்டும். பட்டியல் சாதியினருக்கு இதில் சலுகை உண்டு. வீட்டுவேலையிலும் கட்டட வேலையிலும் கிடைக்கும் கூலியை நம்பி வாழ்ந்தவர்களிடம் அத்தொகை மொத்தமாகக் கையில் இராது. ஆகவே வங்கி அவர்களைத் தேடி வரவேண்டியிருந்தது. ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் அங்கிருந்த ஒரு குடியிருப்புக்குள் வங்கி மேசை போட்டு அமர்வதற்கு, அக்குடியிருப்பை இடிக்கும் ஆணை தேவைப்பட்டிருக்கிறது.

வேற்றூரிலிருந்து வந்த ஒருவருக்குக் கடன் எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்வியைக் கடன் அட்டையின் வரலாறாக மட்டும் எழுதிவிட முடியும். அப்படி எழுதினால் அது நியூயார்க்கில் தொடங்கி மும்பையில் முடிந்துவிடும். தமிழரின் புலம்பெயர்வு வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் வேறொரு தொடர்ச்சி தெரிகிறது. கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது வாங்குபவரின் வருமானத்தை அன்று. 'இவரை எங்கே தேடிப் பிடிக்கலாம், இவருக்காக யார் பேசுவார்' என்பதைத்தான். தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் வாக்குத் தவறாமையையும் குறிக்கிறது. ஊருக்குள் ஒருவரின் நாணயம் ஊராருக்குத் தெரியும். ஊரை விட்டு வந்தவரிடம் இருப்பது காசு என்ற பொருளிலான நாணயம் மட்டுமே, அதுவும் சொற்பம். மற்றொரு நாணயத்தைப் புதிய இடத்தில் முதலிலிருந்து ஈட்டவேண்டும், அல்லது யாராவது எழுதிக் கொடுக்கவேண்டும்.

எழுதிக் கொடுத்ததன் பழைய உதாரணம் இலங்கையில் இருக்கிறது. தோட்டங்களுக்குத் தென்தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்துச் சென்ற கங்காணிகள், கடற்பயணச் செலவுக்கும் முன்பணத்துக்குமான தொகையைத் தொழிலாளர் பெயரில் கடனாக எழுதிவைத்தனர். ஒரு கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்தின் துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். இத்தனை ஆட்களை இத்தனை ரூபாய் பெற்றுக்கொண்டு விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். அதற்குத் 'துண்டு' என்று பெயர். ஆங்கிலேயரின் அறிக்கைகளிலும் அந்தத் தமிழ்ச்சொல் அப்படியே ஏறிவிட்டது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கட்டிய தொகை மீண்டும் தொழிலாளரின் கணக்கில் ஏறும். ஆள் தட்டுப்பாட்டுக் காலங்களில் தோட்டங்கள் போட்டிபோட்டுத் துண்டுத் தொகையை உயர்த்தின. அதனால் தாம் கையில் வாங்கியிராத பணத்துக்கும் தொழிலாளர்கள் கடனாளி ஆயினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டின் டிக்கெட்' முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையை அணிந்தவர் செலவின்றிப் பயணம் செய்யலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டுப் பின்னர் கங்காணி வழியே தொழிலாளர் தலையில் இறங்கும். துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

துண்டை ஒரு கடன் வரலாற்று ஆவணமாகப் பார்க்கலாம். ஆளின் பெயர், கடன், பொறுப்பேற்பவர் என்று இன்றைய கடன் அறிக்கையில் உள்ளவை பெரும்பாலும் அதில் இருந்தன. வேறுபாடு ஒன்றுண்டு: அது தொழிலாளரின் கையில் இருந்ததில்லை. அதே காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற நகரத்தார் பெட்டியடிகளில், கடன் கொடுக்கும் முதலே உறவையும் கோயிலையும் ஊரையும் அடிப்படையாகக் கொண்டு திரட்டப்பட்டது. உண்டியலில் ஒருவரின் கையெழுத்து மற்றொரு துறைமுகத்தில் பணமாக மாறியது. ஒரே கடலைக் கடந்த இரு தமிழ்க் கூட்டங்களில் ஒன்றுக்குக் காகிதம் கதவைத் திறந்தது. மற்றொன்றுக்கு அது கயிறாக இருந்தது. புலம்பெயர்வைப் பற்றிப் பெருமையாக எழுதப்படும் நூல்கள் முதற்கூட்டத்தைப் பற்றியே அதிகம் பேசுவது வியப்பில்லை.

தில்லிக்குச் சென்ற தமிழரிடையேயும் இந்தப் பிளவு இருந்தது. காலனியக் காலத்திலும் விடுதலைக்குப் பின்னரும் அரசு எழுத்தர்களாகவும் அதிகாரிகளாகவும் சென்றவர்கள் கரோல்பாகிலும் லோதி காலனியிலும் பின்னர் ராமகிருஷ்ணாபுரத்திலும் குடியேறினர். தில்லித் தமிழ்ச் சங்கமும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளும் அவர்களின் முயற்சியில் வளர்ந்தவை. அவர்களுக்கு அலுவலகமே அறிமுகம். சம்பளச் சான்று, அரசுக் குடியிருப்பின் முகவரி, துறைக்குள் இயங்கிய கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் எல்லாம் பணியில் சேர்ந்தவுடன் கிடைத்தன. கூட்டுறவுச் சங்கத்தின் தமிழ்ப் பெயரிலும் 'நாணயம்' இருப்பதைக் கவனிக்கலாம்.

1960களின் இறுதி தொடங்கிப் பாராபுல்லா கரைக்கு வந்தவர்கள் வேறு வழியில் வந்தவர்கள். பெரும்பாலும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பகுதிகளின் நிலமற்ற குடும்பங்கள். நிஜாமுதீன் ரயில் நிலையம் அருகில். போகல், ஜங்புரா, நிஜாமுதீன் பகுதிகளின் வீடுகளில் வேலை. நாலாவின் கரையில் யாரும் விரும்பாத நிலம். ஜஹாங்கீர் காலத்தில் கட்டப்பட்ட பாராபுல்லா பாலம் சற்றுத் தொலைவில் இன்றும் நிற்கிறது. யமுனையில் சேரும் அந்த ஓடை அதற்குள் சாக்கடையாகிவிட்டிருந்தது. குடியிருப்பின் பெயரிலேயே வந்தவரின் அந்நியம் பதிவாகியிருக்கிறது. தென்னிந்தியர் யாராக இருந்தாலும் 'மதராசி' என்பது வடவர் வழக்கு; 'கேம்ப்' என்பது தற்காலிகம். இலங்கைக்குப் போன தொழிலாளரைத் தனிமைப்படுத்தி வைத்த இடமும் மண்டபம் கேம்ப் என்றே இன்றுவரை வழங்குகிறது. இரண்டு இடங்களிலும் தற்காலிகம் தலைமுறைகளைக் கடந்துவிட்டது.

இம்மக்கள் வங்கிக்குள் நுழைந்திருந்தால் முதலில் எதிர்கொண்டிருக்கக்கூடியது ஒரு கையொப்பக் கோடு. இந்திய வங்கிகளில் கணக்குத் தொடங்க ஏற்கெனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகம் செய்யவேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இதன் வேர் 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 131ஆம் பிரிவில் இருக்கிறது. திருடப்பட்ட காசோலையை அறியாமல் வசூலித்துக் கொடுத்த வங்கிக்கு, அது கவனக்குறைவின்றி நடந்திருந்தால் மட்டுமே சட்டப் பாதுகாப்பு. கணக்குத் தொடங்குபவரை விசாரிக்காமல் விடுவது கவனக்குறைவு என்று நீதிமன்றங்கள் கருதியதால், அறிமுகக் கையொப்பம் வங்கியின் கவசமாயிற்று. கவசம் வங்கிக்கு, சுமை புதிதாக வந்தவருக்கு. நாலாக்கரையில் வசிக்கும் ஒருவருக்கு வங்கிக் கணக்குள்ள அறிமுகம் பெரும்பாலும் அவர் பாத்திரம் துலக்கும் வீட்டின் எசமானர்தான். அவரிடம் போய், 'எனக்காக ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்று கேட்பது எளிதான செயலன்று. சம்பளம் உயர்த்திக் கேட்பதைவிடக் கடினமானது. தன்னிடம் சேமிப்பு இருக்கிறது என்பதையும் அதில் ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது.

இவ்வழக்கம் கரைந்த கதையில் தமிழ்நிலத்துக்கு ஓர் இடமுண்டு. 2005ஆம் ஆண்டின் இறுதியில் புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தியன் வங்கி கணக்குத் தொடங்கியது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாத 'எளிய கணக்கு' அது. நாடு முழுவதும் பின்னர் பரவிய திட்டத்துக்கு முன்னோட்டம். அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி சிறு கணக்குகளுக்கான அடையாள விதிகளைத் தளர்த்தியது. 2012 டிசம்பரில்தான், கணக்குத் தொடங்க அறிமுகத்தைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது தெளிவாக அறிவித்தது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்தது. ஆக, மதராசி கேம்ப் தோன்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, ஆள் அறிமுகத்தின் இடத்தை முழுமையாகக் காகிதம் பிடித்தது.

காகிதமும் எளிதில் வந்துவிடவில்லை. ஊரில் உள்ள குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கிச் சான்று வாங்கினால்தான் தில்லியில் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. வேலை நிலைக்குமா என்று தெரியாத இடத்தில் இடம்பிடிக்க, நிச்சயமான இடத்தில் தன் பெயரை அழிக்கவேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில் தில்லியின் மறுகுடியமர்வுப் பகுதிகளில் கருத்தடைச் சான்று வீட்டுமனைக்கான நுழைவுச்சீட்டாகப் புழங்கியதை மானிடவியலாளர் எம்மா டார்லோ விரிவாக எழுதியிருக்கிறார். வி.பி. சிங் பிரதமராக இருந்த 1990இல் தில்லியின் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு அடையாள அட்டையும் டோக்கனும் வழங்கப்பட்டன. நகரத்தின் குடிசைவாசிகள் பின்வந்த பத்தாண்டுகளில் அதை நகைபோலக் காத்தனர். காரணம், 1990 ஜனவரி 31க்கு முன்பே இருந்தவருக்கு 18 சதுர மீட்டர் மனை, அதன்பின் 1998 வரை வந்தவருக்கு 12.5 சதுர மீட்டர் என்று கொள்கை வகுக்கப்பட்டது. டின் டிக்கெட்டுக்கும் இந்த டோக்கனுக்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல். அணிந்தவர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை முன்னது சொன்னது. வைத்திருப்பவர் எப்போது வந்தவர் என்பதைப் பின்னது சொன்னது.

2015ஆம் ஆண்டின் கொள்கை இந்தத் தர்க்கத்தை முழுமையாக்கியது. 2015 ஜனவரி 1க்கு முன்பே குடிசை இருந்திருக்கவேண்டும். 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலேனும், கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் பெயர் இருக்கவேண்டும். இவற்றோடு பன்னிரண்டு ஆவணங்களில் ஒன்று: கடவுச்சீட்டு, படம் ஒட்டிய குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, ஓட்டுநர் உரிமம், சாதிச் சான்று, பள்ளி அடையாள அட்டை என்று நீளும் பட்டியல் அது. அதில், பொதுத்துறை வங்கி அல்லது அஞ்சலகம் வழங்கிய படத்துடன் கூடிய பாஸ்புக்கும் உண்டு. வங்கி, கணக்குத் தொடங்க வீட்டு முகவரிக்குச் சான்று கேட்டது. அரசு, வீடு தர வங்கியின் பாஸ்புக்கைக் கேட்டது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பெற்றவர்கள் வட்டத்துக்குள் இருந்தனர். முதல் காகிதம் எதுவுமில்லாதவர்கள் வெளியே நின்றனர். வீட்டுவேலை செய்பவர்களிடம் காவல்துறைச் சரிபார்ப்புப் படிவம் இருந்திருக்கலாம். அவர்களின் இருப்பை நகரம் முறையாகப் பதிவுசெய்த ஆவணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பன்னிரண்டில் அது இல்லை.

இவ்வளவு காலமும் இத்தகைய குடியிருப்புகளில் கடன் இல்லாமல் வாழ்க்கை நடந்துவிடவில்லை. அரிசிக்கடைக்காரரின் நோட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் இருக்கும். மாதக் கூலி வந்ததும் பற்று தீரும். வடவரின் பேச்சில் இதற்கு 'உதார்' என்று பெயர். 'உதார் விடுவது' என்றால் வெற்றுப் பெருமை பேசுவது என்று பழகிய தமிழருக்கு, தில்லிக் கடைகளில் தொங்கும் 'இன்று ரொக்கம், நாளை உதார்' என்ற அறிவிப்பு இருமுறை சிரிப்பூட்டும். தங்கம் இருந்தால் அடகு. அடகுக்கடைக்குப் பெயரோ ஊரோ முக்கியமில்லை; பொருள் போதும். புதிதாக வந்தவருக்கு மிக எளிதில் கிடைத்த கடன் அதுவே, மிக விரைவில் தீர்ந்துபோன கடனும் அதுவே. தோடும் மூக்குத்தியும் போனபின் அடகு வைக்க ஒன்றுமில்லை.

இவற்றைவிட நுட்பமானது சீட்டு. தமிழ்நாட்டிலிருந்து தமிழர் எங்கு போனாலும் கூடவே போகும் நிறுவனம் இது. இருபது பேர் மாதம் 500 ரூபாய் போட்டால் 10,000 சேரும். அவசரம் உள்ளவர் 2,000 தள்ளி ஏலம் கேட்டால் 8,000 எடுத்துக்கொள்வார். தள்ளிய 2,000 இருபது பேருக்கும் நூறு நூறாகக் கழியும். தலைவரின் கழிவை விட்டுவிட்டுப் பார்த்தால் கணக்கு இவ்வளவே. சேமிப்பவரும் கடன் வாங்குபவரும் ஒரே வட்டத்தில் உட்காருகிறார்கள். வட்டியும் வெளியே போவதில்லை. ஆபத்து ஓரிடத்தில்தான்: முதல் மாதங்களில் எடுத்தவர் பின்மாதங்களில் கட்டாமல் போய்விடலாம். அனுபவமுள்ள சீட்டுத் தலைவர்கள் இதற்கென்றே புதியவரை உடனே ஏலம் கேட்க விடுவதில்லை. சில மாதம் ஒழுங்காகக் கட்டட்டும் என்பார்கள். அல்லது பழைய உறுப்பினர் ஒருவரைப் பொறுப்பேற்கச் சொல்வார்கள். வங்கியின் அறிமுகக் கையொப்பமும், கடன் நிறுவனங்கள் இன்று பார்க்கும் தவணை ஒழுங்கும் இதற்குள் அடங்கியிருக்கின்றன. சட்டம் கேட்கும் பதிவு இல்லாத சீட்டுகளில் தலைவரே ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை என்பதும் உண்மை. சீட்டை ஏழைகளின் வங்கி என்று கொண்டாடுபவர்கள் அந்தக் கண்ணீரை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. எல்லோரும் ஒரே சந்தில் இருக்கவேண்டும். தவணை தப்பினால் தலைவர் வாசலில் வந்து நிற்கும் தூரத்தில் வீடு இருக்கவேண்டும்.

கடன் அட்டை இந்தத் தூரத்தை ஒழிப்பதற்காகவே பிறந்தது. 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியபோது அது உணவகத்தில் 'இவரை நாங்கள் அறிவோம்' என்று சொல்லும் அறிமுகக் கடிதம்போலவே இருந்தது. 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் ஏறத்தாழ 60,000 அட்டைகளைக் கேட்காமலேயே அஞ்சலில் அனுப்பியது. ஒரு நகரத்தின் குடும்பங்களை வங்கி முன்பே அறிந்திருந்ததால் அது முடிந்தது. அஞ்சல்காரர் தேடி வரும் முகவரியும் அவர்களுக்கு இருந்தது. இந்தியாவில் 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா முதல் வங்கிக் கடன் அட்டையை வெளியிட்டது. 2000இல் சிபில் நிறுவனமும், 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டமும் வந்தன. ஊராரின் நினைவு, 300 முதல் 900 வரையிலான ஓர் எண்ணாயிற்று.

அந்த எண்ணின் வரிசையில் புதியவருக்கு வழங்கப்படும் குறி விசித்திரமானது. முன்பு கடனே வாங்காதவரின் மதிப்பெண் பூஜ்யம் அன்று. சிபில் அறிக்கையில் அது –1 என்று வருகிறது. கடன் வாங்கித் திருப்பாதவருக்குக்கூட முந்நூற்றுச் சொச்சம் உண்டு. யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தவர் அளவுகோலுக்கே வெளியே நிற்கிறார். சென்னையில் பத்தாண்டுக் காலம் கடன் அட்டையை ஒழுங்காகப் பயன்படுத்திய மென்பொருள் பொறியாளரும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அன்று இதே நிலையை அடைகிறார். அவருடைய இந்திய வரலாறு பெரும்பாலும் அங்கே செல்லாது. வைப்புத்தொகை கட்டி, அதற்கு ஈடான வரம்புள்ள அட்டையை வாங்கிச் சில மாதம் தவணை கட்டிக் காட்டவேண்டும். இந்தியாவிலும் புதியவருக்கு வங்கிகள் சொல்லும் வழி இதுவே: நிலைவைப்பு போடுங்கள், அதன் பேரில் அட்டை தருகிறோம். பணத்தை அடகு வைத்துப் பணம் கடன் வாங்கும் இந்த முறையில் அடகுக்கடை புதுப்பெயர் பெற்றுத் திரும்பியிருக்கிறது. பொறியாளருக்கு அது ஓராண்டு எரிச்சல். வைப்புத்தொகைக்கு வழியில்லாதவருக்கு அந்தக் கதவு இருப்பதும் இல்லாததும் ஒன்று.

அரசு இதை அறியாமல் இல்லை. 2020 ஜூன் 1 அன்று தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம் தெருவோர வணிகர்களுக்குப் பிணையின்றி 10,000 ரூபாய்க் கடன் அளித்தது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்த கடன் பெரிதாகும். சீட்டுத் தலைவர்களின் பழைய உத்திதான். 2025 ஆகஸ்டில் அத்திட்டம் திருத்தப்பட்டு, முதற்கடன் 15,000 ஆக உயர்ந்தது. இரண்டாம் கடனை அடைத்தவருக்கு யுபிஐ வழிச் செயல்படும் ரூபே கடன் அட்டை என்று அறிவிக்கப்பட்டது. நாட்டின் தள்ளுவண்டிக்காரர் ஒருவருக்கு முதல் கடன் அட்டை அவ்வழியில் கிடைக்கும். ஆனால் முதற்படியில் நகராட்சியின் வணிகச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும்; வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அப்படி ஒரு சான்று தரும் அலுவலகம் இல்லை. அதே 2025இல், கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் ஜனவரி நெறிமுறை கூறுவதை நிதித்துறை நாடாளுமன்றத்தில் சுட்டிக்காட்டியது. வங்கி மேலாளருக்கு நிராகரிக்க வேறு காரணங்கள் கிடைக்கும் என்பது வேறு செய்தி.

மதராசி கேம்ப்பின் கணக்கெடுப்பில் 370 குடும்பங்கள் இருந்தன. முதலில் வெளியான முடிவில் 189 குடும்பங்களே மறுகுடியமர்வுக்குத் தகுதியானவை. வரிசையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு நரேலாவில் அடுக்குமாடி; மற்றொன்றுக்கு எதுவுமில்லை. வந்த ஆண்டு, செய்த வேலை, பேசிய மொழி யாவும் ஒன்றாயிருக்கலாம், காகிதம் வேறு. ஜூன் 1 அன்று இடிப்பு நடந்தது. சொந்த ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஊரிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு வந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைக்கு விழுப்புரம் என்பது பாட்டி சொன்ன ஊர். அக்குழந்தைகளில் பலர் படித்த தமிழ்ப்பள்ளி தில்லி லோதி எஸ்டேட்டில் இருந்தது.

நரேலா அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவு தொலைவில், நகரின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. போகலில் காலை ஏழு மணிக்கு வேலைக்கு நுழையவேண்டிய பெண்ணுக்கு அது இன்னொரு நாடு. சிலர் நரேலாவுக்கும் சிலர் அருகிலுள்ள வாடகை அறைகளுக்கும் சிதறினால் சீட்டு உடையும். பாதியில் எடுத்தவரைத் தேடிப்போக வாசல் இல்லை. அரிசிக்கடை நோட்டின் பக்கங்களும் அப்படியே. இடிப்பின் இழப்பீட்டைக் கணக்கிடுபவர்கள் செங்கல்லையும் தகரக் கூரையையும் எண்ணுவார்கள். ஐந்து பதிற்றாண்டுகளில் ஒவ்வொரு குடும்பமும் ஈட்டி வைத்திருந்த நாணயம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அதை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

வங்கியில் கடன் பெற்று நரேலாவுக்குப் போன குடும்பங்களுக்கு ஒரு கடன் அறிக்கை உருவாகும். சிபில் அறிக்கையில் வங்கிகள் தெரிவித்த முகவரிகள் நான்கு வரை, தெரிவித்த தேதியோடு இடம்பெறும். தவணை கட்டிய மூன்றாண்டு வரலாறும் இருக்கும். பாராபுல்லா கரையின் குடிசை எண்ணை முன்பு எந்த வங்கியாவது பதிவுசெய்திருந்தால், அவ்வெண் இடிந்தபின்னும் அங்கே ஒரு வரியாக நிற்கும். தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டுப் போகலிலோ ஆசிரமத்திலோ அறை எடுத்தவர்கள் வங்கிக்குப் போனால், நடப்பு முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம் கேட்கப்படும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்யவேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதால், வீட்டுக்காரர்கள் பதினொரு மாதத்துக்கே எழுதிக் கொடுப்பார்கள். ஒற்றை அறையை மாத வாடகைக்கு விடுபவர்கள் அதையும் எழுதிக் கொடுப்பதில்லை.